சரோஜாம்மா வீட்டு மாடியில் போட்ட தேக்கு டெக்

1. பலராமனின் சூட்கேஸ்

பலராமனும் நானும் ஆரணியில் ஒரே பட்டறையில் தச்சு வேலை கற்றவர்கள். தொண்ணூறுகளில் ஒரே மரத்துக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானும் நின்று ரம்பம் இழுத்தோம். என் இழைப்பு அவனுடையதைவிடச் சுத்தம். நானாகச் சொல்லவில்லை, பட்டறைக்காரரே சொல்வார். பிறகு அவன் பெங்களூருக்குப் போனான். சில வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது இஸ்திரி போட்ட சட்டை, விசிட்டிங் கார்டு, கையில் ஒரு சூட்கேஸ். எல்லோரும் அவனை ‘சார்’ என்றார்கள். நான் ஆசாரியாகவே இருந்தேன். வயிறு எரிந்தது. அதை மறைத்து எழுதி என்ன பயன்?

அப்போது ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரில் சரோஜாம்மா புது வீடு கட்டியிருந்தார். நெசவாளர்களுக்குப் பாவு நூல் கொடுத்துப் பட்டுப்புடவை நெய்து வாங்குகிறவர். மொட்டை மாடியில் சாயங்காலம் காற்று வாங்க மரத்தரை, அதாவது டெக், போட வேண்டும் என்று எங்கள் இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்.

“எத போட்டாலும் சரிங்க. வருஷா வருஷம் ஆள வெச்சு பாலிஷ் அடிக்கிற பேஜார் மட்டும் எனக்கு ஆவாது,” என்றார்.

பலராமன் சூட்கேஸைத் திறந்தான். உள்ளே மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த கறுப்புப் பலகைத் துண்டுகள். “இதுக்கு எண்ணெ வாணாம், வார்னிஷ் வாணாம்மா. கரையான் தொடாது. வாரத்துல ஒருநாள் தண்ணி ஊத்திக் கழுவுனா போதும்,” என்றான்.

அவன் சொன்னது உண்மை. வெயிலும் மழையும் நேராக விழும் இடத்தில் தேக்கு போட்டால், வருடத்துக்கு ஒரு முறையாவது எண்ணெய் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வெளுத்து வெடிப்பு விடும். ஆனால் சரோஜாம்மா அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன்.

“தேக்குக்கும் ஒரே ஒரு தபா எண்ணெ குடுத்தா போதும்மா. ஆயுசுக்கும் திரும்பிப் பாக்க வாணாம்,” என்று என் தேக்குத் துண்டை நீட்டினேன். சொல்லும்போது வாய்கூடக் கூசவில்லை.

2. வெயில் சோதனை

“ரெண்டு துண்டையும் வெச்சுட்டுப் போங்க. யோசிச்சு சொல்றேன்,” என்றார் சரோஜாம்மா.

மறுநாள் காலையிலேயே, அளவு எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மாடிக்குப் போனேன். பலராமனின் கறுப்புப் பலகையை நல்ல வெயிலில் வைத்தேன். என் தேக்கைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு இரண்டையும் அருகருகே போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

“செருப்பக் கயட்டிட்டு கால வெச்சுப் பாருங்கம்மா.”

“ஐயோ! இன்னா ஆசாரி இது, தோசக்கல்லு மாரி சுடுது!”

வேலை எனக்கு வந்துவிட்டது. வேலையில் குறை வைக்கவில்லை. அடியில் சட்டம், தண்ணீர் ஓட வாட்டம், பலகைக்குப் பலகை ஐந்து மில்லி இடைவெளி, எல்லாம் கச்சிதம். தப்பு எண்ணெயில்தான் நடந்தது. ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். பலராமனின் பலகையைவிடப் பளபளக்க வேண்டும் என்ற வெறியில் மூன்று கை கெட்டியாகப் பூசி, துடைக்காமல் விட்டேன். மேலே ஏடு கட்டியது. உள்ளே காயவில்லை.

3. நாலு அங்குலக் கறை

ஒரு மாதம் கழித்து டெக்கின் கைப்பிடிக்கு ஸ்க்ரூ முடுக்கப் போனேன். முள்ளிப்பட்டு நெசவாளர் ஏழுமலை கூடத்தில் தலைகுனிந்து நின்றிருந்தார். சரோஜாம்மா கையில் ஒரு கல்யாணப் புடவை.

“தறியில எண்ணெ வுட்டுட்டு தொடைக்காம நெய்ஞ்சுகினு இருந்தியா? இன்னாத்த சொல்லி நான் பொண்ணு வூட்டுக்காரங்ககிட்ட குடுப்பேன்?”

“சத்தியமா இல்லம்மா. முந்தாநாளு கொண்டாந்தப்ப சுத்தமா இருந்துச்சு. நீங்களே மாடியில விரிச்சுப் பாத்தீங்களேம்மா.”

“பேசாத. இனிமே ஒனக்குப் பாவு கெடையாது.”

பாவு இல்லையென்றால் அவர் தறி நின்றுவிடும். புடவையை எட்டிப் பார்த்தேன். நாலு அங்குலத்துக்கு எண்ணெய்க் கறை, நடுவில் சுத்தமான ஒரு கோடு, மறுபடி நாலு அங்குலத்துக்குக் கறை. என் பலகையின் அளவு எனக்குத் தெரியாதா? அடியில் வேட்டி விரித்துத்தான் புடவையைப் போட்டிருக்கிறார். மத்தியான வெயிலில் எண்ணெய் கசிந்து வேட்டியையும் தாண்டி ஏறிவிட்டது. ஆரணியில் வெளிச்சம் விழும் சுத்தமான தரை கிடைத்தால் அதில் பட்டை விரித்துத்தான் பார்ப்பார்கள். இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அது தோன்றவில்லை. பலராமனைத் தவிர வேறெதுவும் அப்போது என் மண்டையில் இல்லை.

பேசாமல் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. படிவரை போனேன். பின்னால் ஏழுமலை, “வேற தொழில் தெரியாதும்மா,” என்று சொன்னது காதில் விழுந்தது. திரும்பி வந்தேன்.

“அம்மா, அது தறி எண்ணெ இல்ல. நான் பலகைக்குப் பூசுன எண்ணெ,” என்றேன். வெயிலில் வைத்த கதையையும் சேர்த்தே சொன்னேன்.

சரோஜாம்மா அந்தக் கறையை விரலால் அளந்து பார்த்தார். பிறகு, “நீயே பலராமனுக்கு போன் போடு. ஏங்கிட்ட சொன்னத அவர்கிட்டயும் சொல்லு,” என்றார். அதுவரை எனக்குக் கொடுத்த ‘ங்க’ அன்றோடு போயிற்று. ஏழுமலை அன்று பாவோடுதான் ஊர் திரும்பினார்.

பலராமன் வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் சிரித்தான்.

“கறுப்பு வெயில்ல சுடும்னு நானே அந்தம்மாகிட்ட சொல்லத்தான் இருந்தேன்பா. வெளிர் கலர் எடுத்து மேல ஒரு பந்தல் போட்டுட்டா அவ்ளோ சுடாது. நீ இன்னாத்துக்கு இத்தினி கஷ்டப்பட்ட?”

என் தேக்கை நானே பிரித்து, அவன் பலகையை அவன் சொன்னபடி நானே போட்டேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். எந்தப் பலகை நல்லது என்று கேட்டு வருகிறவரிடம், அதன்மேல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். உங்கள் சரக்கின் குறையை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். பலராமன் அப்படிச் சொல்லித்தான் வியாபாரம் செய்தான், அவன் குணம் அது. எத்தனையோ விஷயத்தில் அவன்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் அந்தப் பொறாமை இன்னும் ஆறவில்லை.