அப்பா பில்லைக் குறைத்த மூன்று மாதங்கள்

1. மாசியில், பிரிக்காமல் கிடந்த பில்களை அப்பா என் முன் கொண்டுவந்து வைத்தார்.
2. பங்குனியில், செலவைக் குறைக்க எட்டு வழிகளை எழுதிச் சமையலறையில் ஒட்டினேன்.
3. சித்திரையில், மின்சார பில் நான் கணக்கிட்டதைவிடக் குறைவாக வந்தது.
4. வைகாசியில், அப்பாவின் இரத்தச் சீனி ஏறத் தொடங்கியது.
5. ஆடியில், களுபோவில வைத்தியசாலையில் அப்பா எங்களைப் பிரிந்தார்.

இடையில் நடந்ததை உறவுகள் அறிய வேண்டும் என்று அம்மா விரும்புகிறார். அதனால் எழுதுகிறேன்.

அப்பா பண்டத்தரிப்பில் பிறந்தவர். இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் நால்வரோடு ஓர் அறையில் தங்கி, துறைமுகத்துக்கு அருகே ஒரு களஞ்சியத்தில் கணக்கெழுதினார். பின்னர் கடன்பட்டு வெள்ளவத்தையில் இந்த வீட்டை வாங்கினார். வெளிநாடு போகக் காத்திருந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் இங்கேதான் தங்கினார்கள். ஒருவரிடமும் அப்பா காசு வாங்கியதில்லை.

பிறர் கணக்கில் ஒரு சதமும் பிசகாத அப்பா, வீட்டு பில் என்றால் "அடுத்த மாதம் பாப்பம்" என்பார். ஓய்வுபெற்றபின் உறைகளைப் பிரிப்பதையே நிறுத்திவிட்டார். மின்சாரத்தைத் துண்டிக்கப்போவதாக அறிவித்தல் வந்த அன்றுதான் எல்லாம் வெளியே வந்தது.

நான் மின் பொறியியல் படித்தவள். மின்விசிறி, நீர்ப்பம்பி, உடுப்பு மடிக்கும் மின்னழுத்தி என்று ஒவ்வொன்றுக்கும் அலகு கணக்கிட்டேன். அப்பா நான் எழுதியதை வரி தவறாமல் கடைப்பிடித்தார். பில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தபோது, அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் மகிழ்ந்தேன்.

வீட்டில் பால் திரையத் தொடங்கியது. அம்மா கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். அப்பா பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

பகலில் நானும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவோம். ஆனியில் ஒரு நாள் காய்ச்சலோடு மத்தியானமே வீடு திரும்பினேன். குளிர்சாதனப் பெட்டி சத்தமின்றி நின்றது.

"அப்பா, பிரிஜ் ஏன் நிக்குது?"

"நீதானே எழுதினனீ, ஆக்கள் இல்லாத நேரம் எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லி. நீங்கள் ரெண்டு பேரும் வர முந்திப் போட்டிடுவன், பிள்ளை."

"உள்ளுக்க உங்கட இன்சுலின் எல்லோ இருக்கு!"

"கதவு பூட்டித்தானே கிடக்கு. குளிர் எங்க ஓடப்போகுது?"

மாலையில் அம்மா, "இஞ்சேருங்கோ, அந்தக் கடைக்கார மனிசனிட்ட மன்னிப்புக் கேக்கப் போறது நீங்களோ, நானோ?" என்றார். அப்பா சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மருந்துத் தட்டுப்பாடு வந்த காலத்திலிருந்து அப்பா மூன்று மாதத்துக்கான இன்சுலினை ஒன்றாக வாங்கி வைப்பார். அத்தனையும் பகல் வெக்கையில் கிடந்திருந்தது. எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கினோம். அதற்குள் காலில் புண் வந்திருந்தது. அதையும் அடுத்த வாரம் காட்டலாம் என்று, சாரத்தை இறக்கிக் கட்டி எங்களிடம் மறைத்திருந்தார். ஆடியில் புண் முற்றி அவரை வைத்தியசாலையில் சேர்த்தோம்.

ஒன்பது நாட்கள் அப்பாவைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரத்தம் தந்த மேல்மாடி அயலவர்களுக்கும், மரணவீட்டுக்குப் பால் கொடுத்துக் காசு வாங்க மறுத்த அந்தக் கடைக்காரருக்கும் நானும் அம்மாவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

நிலுவைகள் கட்டி முடிந்தன. கணக்குகள் அம்மாவின் பெயருக்கு மாறிவிட்டன. கெட்டுப்போன மருந்துதான் காரணமா என்று வைத்தியரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எங்களுக்கும் தெரியாது.