புயலக்கா மெல்லக் கற்றுக்கொண்ட கதை

எங்கள் வார்டில் எல்லாருக்கும் அவர் புயலக்கா. என்னோடு வேலை பார்க்கும், காலில் சக்கரம் கட்டிய நர்ஸ். சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு மூடியும்விடுவார். நடுவில் எப்போது சாப்பிட்டார் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. ஒரு பாட்டில் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம் என்பதால் இத்தனையும் தெரியும்.

எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு அக்கா வேலைக்குத் திரும்பியபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிச்ச வயிற்றில் எவ்வளவு கொள்ளும்? பசிக்குமா? கேட்டேவிட்டேன். உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, நன்றாக மென்று விழுங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். இதே பாடத்தை ஊருக்கெல்லாம் ஒப்பித்தவர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும்.

சிரிப்பு நீடிக்கவில்லை. தாகம் தாங்காமல் பழையபடி மடக்மடக்கென்று குடித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். பயந்துபோய் அப்புறம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. ஒரு காலையில் நோயாளி ஒருவரிடம் மூத்திரப் பையைக் காட்டி, தண்ணீரே குடிப்பதில்லை நீங்கள் என்று கடிந்துகொண்டவர், அப்படியே கட்டில் கம்பியைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டார். கண் இருட்டிவிட்டது. திட்டு வாங்கிய மனிதர்தான் பெல்லை அழுத்தினார்.

மேட்ரன் கறாரானவர். இன்னொரு தடவை மயங்கினால் வார்டு வேலை கிடையாது, ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பஞ்சும் துணியும் எடுத்துக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். அக்காவின் முகம் செத்துவிட்டது. நோயாளி இல்லாத அறையில் அவரை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. நிஜமாகவே பயந்தேன்.

மறுநாள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு டிரிப் பாட்டில் முன்னால் அக்கா அசையாமல் நின்றார். என்னக்கா பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இவ்ளோ தண்ணியும் உள்ள போயிடுது, யாருக்காவது நெஞ்சடைக்குதா? அதுக்கு அவசரமே இல்ல பாரு."

அன்றிலிருந்து ஒவ்வொரு டிரிப்பையும் பார்த்துவிட்டு வரும்போது, மருந்தறை ஜன்னலில் வைத்த பாட்டிலிலிருந்து ஒரே ஒரு வாய். நான் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஷிஃப்ட் முடிவதற்குள் பாட்டில் காலி. உதடும் வறளவில்லை.

சாப்பாடுதான் பாக்கி. எங்கள் வார்டில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டவர் கிடையாது. பெல் அடித்தால் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு ஓடுவோம், மேட்ரன் உட்பட. அன்று அக்கா மருந்தறையில் உட்கார்ந்து வேகவைத்த முட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி மென்றுகொண்டிருந்தார். நான் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம் பெல் அடித்தது. மேட்ரன் எட்டிப் பார்த்து அக்காவிடம், தலையணையை உயர்த்தி வைக்கக் கூப்பிடுகிறார்கள், போ என்றார். அக்கா பாதி எழுந்தார். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"அவசரமா முழுங்கினா வாந்தி வரும் மேடம். விட்டுட்டு வந்தா மயக்கம் வரும். சாப்பிட்டு முடிச்சிடறேன்."

மேட்ரனிடம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊசி போடப் போக வேண்டிய நான் போகாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றேன். மேட்ரன் முட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"நான் பாத்துக்கறேன். நீ மெதுவா சாப்பிட்டுட்டு வார்டுக்கு வா."

வார்டுக்கு வா என்றுதான் சொன்னார், இரண்டு காதாலும் கேட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் டப்பாவுக்குள் சொட்டியது. ஆனாலும் வாயில் இருந்ததை அவசரப்படாமல் மென்றுகொண்டிருந்தார்.