தம்ளரில் ஒட்டிய மருந்து

கிட்னி மாற்றியவர் யாராவது கால் வீங்கி வார்டுக்கு வந்தால் அந்தக் கிட்னி போய்விடுமோ என்றுதான் முதலில் நினைப்பேன். தொண்ணூறுகளில் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஆபரேஷன் மெட்ராஸில் நடக்கும். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வது நாங்கள். சேரன்மகாதேவி வாத்தியார் சங்கரலிங்கம் அப்படித்தான் வந்து படுத்தார். கிட்னி கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனது. உள்ளே இருந்தது அவருடைய அக்கா கோமதி கொடுத்த கிட்னி. அது போனால் கொடுப்பதற்கு வேறு ஆள் இல்லை.

அவர் குடித்தது சைக்ளோஸ்போரின். அப்போது அது எண்ணெய் மாதிரி பாட்டிலில் வரும், பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும். புதுக் கிட்னியைக் கண்டதும் ரத்தத்திலுள்ள டி செல்கள் அந்நியன் வந்துவிட்டான் என்று மற்ற செல்களைக் கூப்பிடும். அந்தக் கூப்பாடு கிளம்ப கால்சினியூரின் என்ற என்சைம் வேலை செய்தாக வேண்டும். மருந்து அந்த என்சைமைத்தான் கட்டிப்போடும். மருந்து குறைந்தால் செல்கள் திரண்டு வந்து கிட்னியை வீங்கவைத்துக் கெடுத்துவிடும்.

மெட்ராஸுக்கு அனுப்பிய ரத்தத்தின் ரிப்போர்ட் வந்தது. இருக்க வேண்டிய மருந்தில் பாதிகூட இல்லை. டாக்டர் வாத்தியாரின் மனைவியைப் பார்த்து, "உண்மையச் சொல்லுங்கம்மா. மருந்த விட்டுட்டாரா?" என்றார்.

"ஒரு நேரங்கூட விட்டது கெடையாது டாக்டர். நாந்தான் கலக்கிக் குடுக்கேன்" என்று அந்த அம்மாள் அழுதுவிட்டார்.

அந்தச் செல்களை அடக்க டாக்டர் ஸ்டீராய்டு ஊசி ஆரம்பித்தார். மருந்தை இனி என் கண்முன்னால்தான் குடிக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

சாயங்காலம் அந்த அம்மாள் கண்ணாடி கிளாஸில் மருந்தைப் பாலில் கலக்கி, அதை வெள்ளித் தம்ளருக்கு மாற்றிக் கொடுத்தார். வாத்தியார் அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டார். உடனே அந்த அம்மாள் இரண்டையும் கழுவ எடுத்துக்கொண்டு போனார். நான் ஓடிப்போய் வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு.

"கண்ணாடி கிளாஸ்லயே குடிச்சிட்டு, இன்னுங் கொஞ்சம் பால் விட்டு அலசிக் குடிக்கணும்னு மெட்ராஸ்ல சொல்லலையாம்மா?"

"சொன்னாக. அலசுனத போயி அவுகளுக்குக் குடுப்பாகளா சிஸ்டர்?"

மரியாதை என்று நினைத்து தினமும் மருந்தைக் கழுவி ஊற்றியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் கிளாஸில் வாய் வைத்துக் குடிக்கச் சொன்னேன். வாத்தியார் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "பழக்கமில்ல சிஸ்டர். எச்சி பண்ணி, அதுலயே மறுபடி பால் விட்டு..." என்று இழுத்தார். அக்கா கோமதி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஏலே, எஞ் சதைய அறுத்து வாங்கி உள்ள வச்சிருக்க. ஒன் எச்சி ஒனக்கு ஆகாதோ?"

வாத்தியார் கிளாஸைத் தூக்கினார். வாய் வைத்துக் குடித்தார். அலசிக் கொடுத்ததையும் குடித்தார்.

கிரியேட்டினின் உடனே இறங்கவில்லை. ஒவ்வொரு ரிசல்ட்டையும் பயந்துகொண்டுதான் பிரித்தோம். முதலில் ஏறாமல் நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. கிட்னி பிழைத்தது.

மருந்து குடித்தீர்களா என்று அதன்பிறகு நான் யாரிடமும் கேட்டதில்லை. எப்படிக் குடிக்கிறீர்கள், காட்டுங்கள் என்றுதான் கேட்பேன்.