சத்தமில்லாத டிஸ்க்குக்கு ஒரு காவல்

டீச்சரின் வீட்டுக்காரர் தையல் மெஷின் மெக்கானிக். ஸ்க்ரூடிரைவரின் முனையை மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால் போதும், உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். அப்படி ஒரு காது. அதே காதுதான், சமையலறையிலிருந்து டீச்சர் நாலு தடவை கத்திய பிறகு, "என்னையா கூப்பிட்டே?" என்று கேட்கும். இருபத்தேழு வருடமாக இதே கூத்துதான்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டீச்சர் வேறொரு வேலையைப் பிடித்திருந்தார். பார்வை இல்லாதவர்களுக்காகக் கதைப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்து, தன் சின்ன லேப்டாப்பில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பேசினால் கேட்க நாலு பேர் இருக்கிறார்கள் என்பதே அவருக்குப் பெரிய விஷயம். ஆனால் அனுப்பியது இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. பின்னால் கரகரவென்று ஏதோ ஓடுகிறதாம். மூன்றாவதும் திரும்பினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஒலிப்பதிவு நிலையத்து அம்மாள் பட்டென்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரர் லேப்டாப்பில் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்தார். "ஹார்ட் டிஸ்க்தான். சாகப் போகுது. மாத்திடலாம். நான் பார்த்து எடுக்கிறேன், நீ சும்மா இரு."

டீச்சர் சும்மா இருந்தார். பழகிய வேலை.

கடையில் பெரிய வைபவமே நடந்தது. ஒல்லியான டிஸ்க்தான் அந்த லேப்டாப்புக்குள் நுழையும் என்று கடைக்காரர் ஐந்தை எடுத்து வைத்தார். நம்ம மெக்கானிக் ஒவ்வொன்றையும் ஓடவிட்டு ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டார். ஒன்று இருமுகிறதாம், இன்னொன்று பல்லைக் கடிக்கிறதாம். கடைசியில் கடைக்காரர் பொறுமை இழந்து எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க் ஒன்றை மாட்டினார். மெக்கானிக் கேட்டார். மறுபடி கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் கேட்டார்.

"இது செத்துக் கிடக்குதுங்க."

"உள்ளே எதுவும் சுத்தாது சார். சத்தமே வராது."

"சத்தமே இல்லாட்டி ஓடுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"பேசாம இருந்தா வேலை செய்யலைன்னு அர்த்தமா?" என்றார் டீச்சர். "இதையே கொடுங்க."

மாட்டிய பிறகும் மனிதருக்கு நம்பிக்கை வரவில்லை. டீச்சர் கதவைச் சாத்தி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கியதும், பூனை மாதிரி உள்ளே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரை லேப்டாப்பில் ஊன்றிக் காவல் இருந்தார். டிஸ்க் திடீரென்று நின்றுவிட்டால் இவர்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம். சத்தம் போடாமல் இருந்தால் சரி என்று டீச்சரும் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படித்து முடித்தவுடன், அன்றுதான் கெடு முடியும் நாள் என்பதால், கேட்டுப் பார்க்காமலே அனுப்பிவிட்டார்.

மறுநாள் அந்த அம்மாள் கூப்பிட்டாள்.

"மேடம், கரகரப்பு சுத்தமா போயிடுச்சு. ஆனா பதினெட்டாவது நிமிஷத்திலேர்ந்து யாரோ உம் கொட்டுறாங்க. கரகரப்பு போனதால இன்னொரு சான்ஸ் தர்றேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள திருப்பிப் பதிவு பண்ணிக் கொடுத்துடுங்க. இதுதான் கடைசி."

டீச்சர் போட்டுக் கேட்டார். கதையில் ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். "உம்." பஸ் போய்விட்டது. "உம்... அடப்பாவமே." சத்தமில்லாத டிஸ்க்கைக் கடையையே புரட்டித் தேடிவிட்டு, சத்தத்தைப் பக்கத்திலேயே உட்காரவைத்திருக்கிறார்கள்!

டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. "இருபத்தேழு வருஷம் தொண்டைத் தண்ணி வத்தப் பேசியிருக்கேன். ஒரு தடவை உம் கொட்டினீங்களா? என் பிழைப்பு போற நேரம் பார்த்துத்தான் காது திறந்துச்சா?"

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை உருட்டிக்கொண்டே நின்றார். "டிஸ்க்ல ஒண்ணும் கேக்கல. உன் குரல்தான் கேட்டுச்சு. நீ இவ்வளவு நல்லா சொல்லுவேன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றார் டீச்சர். "வெளியே போய் உட்காருங்க."

போனார். டீச்சர் கதவைச் சாத்தினார். மறுபடி முதலிலிருந்து படிப்பதற்கு முன் பழைய பதிவை அழிக்க வேண்டும். கை அதற்குத்தான் போனது. பிறகு என்ன நினைத்தாரோ, அதைத் தனியாக எடுத்து வைத்தார். நாளைக்கே "என்னையா கூப்பிட்டே?" என்று அந்த மனிதர் கேட்பார். இவருக்குக் காது கேட்கும் என்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டாமா?