ஆறு நிமிடத்தில் வந்த பச்சை

பேராதனையில் ஒரு கணினி அறையில் எனக்கு வேலை. திறப்பது, கூட்டுவது, பூட்டுவது. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. பதினொரு வருடமாக மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்ததில் கொஞ்சம் விளங்கும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி அங்கே ஆராய்ச்சி செய்தாள். பெருமழையில் எந்த மலை சரியும் என்று பைத்தான் என்ற கணினி மொழியில் கணக்கு. அவள் வரைபடத்தில் எங்கள் தேயிலைத் தோட்டமும் இருந்தது. நானும் மனைவியும் இருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு நேர் மேலே மலை. மழைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. இருப்பதா, போவதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கணக்கு முடிய மூன்று நாள் பிடிக்கும். இரண்டு தடவை நடுவில் கரண்ட் போனது. இரண்டு தடவையும் முதலிலிருந்து.

“பைத்தான் ஒவ்வொரு எண்ணையும் இது என்ன சாமான் எண்டு பார்த்துப் பார்த்துத்தான் எடுக்கும் அண்ணா. அதுதான் சுணக்கம்.”

“எங்க ஸ்டோர் கிளார்க் மாதிரி.”

“ஓம். சி மொழி அப்பிடியில்லை. இன்னதுதான் எண்டு முதலே எழுதிக் குடுத்தால் பேசாமல் ஓடும்.”

கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடும் துண்டை மட்டும் சி மொழிக்கு மாற்றினாள். ஆறு நிமிடத்தில் முடிந்தது. படம் முழுக்கப் பச்சை. பச்சை என்றால் பயமில்லை.

மனைவிக்குப் போன் எடுத்தேன்.

“நம்ம மலை பச்சையாம்.”

“அப்ப போன வருஷம் குசினிக்குள்ள அடுப்பு வரைக்கும் வந்த சேறு என்னா, பாயாசமா?”

அதை அப்படியே பிள்ளையிடம் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. எழுதியதை மேலிருந்து வாசித்தாள். ஆபத்தின் அளவு பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் வரும். விடை வைக்கும் இடத்தை முழு எண் என்று எழுதியிருந்தாள். தசப் புள்ளிக்குப் பின்னால் வந்ததையெல்லாம் சி வெட்டிவிட்டது. பூச்சியம் தசம் ஒன்பதும் பூச்சியம். அது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு சொல்லை மாற்றினாள். மறுபடி ஆறு நிமிடம். எங்கள் லயம் சிவப்பு.

“சரியா வந்திட்டுது!” என்று மேசையில் தட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். “ஐயோ அண்ணா...”

“பரவால்ல. பிரிண்ட் ஒண்ணு குடுங்க.”

வீட்டில் அதை விரித்துக் காட்டினேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“ரெண்டு வருஷமா நான் கத்துறேன். கலர்ல வந்தாத்தான் ஒங்களுக்கு கேக்குமா?”

திகனையில் இருக்கும் அவள் அக்காவுக்குப் போன் எடுத்தேன். சனிக்கிழமை அக்கா வீட்டில் அலுமாரியை இறக்கினோம்.