கூண்டு இன்னும் மேலே வரவில்லை

"அப்பா, அடிக்கடி கோபம் வருதா?" கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள் நர்ஸ் புலெங்.

"வருது."

"மனசு சோர்ந்து போகுதா?"

"கோபம் வராத அன்னைக்கு."

பக்கத்தில் இருந்த மனைவி மாலிநெயோ போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? கல்யாணமான நாளிலிருந்து செகோபே அப்படித்தான். இருபத்திரண்டு வருஷம் பக்கத்து நாட்டுத் தங்கச் சுரங்கத்தில் பாறை குடைந்து, நுரையீரல் முழுக்கக் கல்தூசியோடு திரும்பிய மனுஷர். நாலடி நடந்தால் மூச்சு இரைக்கும்; வாய் மட்டும் அடங்காது.

"நோயை ஏத்துக்கணும்ப்பா. பாட்டுகீட்டு எல்லாம் இனிமே வேண்டாம்" என்றாள் புலெங்.

சொல்லியிருக்கவே கூடாது. செகோபே குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த மலையூரில் பாதி ஆண்கள் சுரங்கம் பார்த்தவர்கள். சோளக்கள் காய்ச்சிய வீட்டில் வெள்ளைக்கொடி ஏறினால் அங்கே கூடி, ஊரைவிட்டுப் போன கதையை ஆளுக்கு ஆள் பாடுவார்கள். சட்டம் ஒன்றுதான்: மூச்சு வாங்க நின்றால் அடுத்தவன் பாட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஒரு காலத்தில் செகோபேயிடம் எவனும் பிடுங்கியதில்லை. இப்போது இரண்டு வருஷமாக அவர் அந்தப் பக்கமே போகவில்லை. "செகோபே பாட்டுக்குக் கருமாதி ஆயிடுச்சு" என்று அவரோடு போட்டிக்குப் பாடும் போகா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். இருமலைவிட அதுதான் அவரை அரித்தது.

சனிக்கிழமை மத்தியானம் கொடி ஏறியது.

"போய்த்தான் ஆகணுமா?" என்றாள் மாலிநெயோ.

"ஆகணும்."

"அப்போ மெதுவா நடங்க. விழுந்தா நான்தான் தூக்கணும்."

கள் வீட்டு முற்றத்தில் நின்று நாலு வரி பாடினார். ஐந்தாவதில் நெஞ்சு அடைத்தது. போகா பல்லை இளித்துக்கொண்டு பாட்டைப் பிடுங்க வாயைத் திறந்தான்.

செகோபே குச்சியால் தரையை மூன்று தட்டுத் தட்டினார். சுரங்கத்தில் ஆட்கள் ஏறி இறங்கும் இரும்புக் கூண்டை மேலே தூக்கச் சொல்லி அடிக்கும் மணிக்கணக்கு அது.

"கூண்டு... இன்னும்... மேல வரல."

கள் குவளைகள் தரைக்கு இறங்கின. அந்தக் கூண்டில் தோளோடு தோள் நெருங்கி நின்றவர்கள்தானே எல்லோரும்!

"டேய், இது ஏமாத்து வேலை!" என்று குதித்தான் போகா.

"வாயை மூடுய்யா" என்று அதட்டினாள் கள் வீட்டுக்காரி. "ஆள் இன்னும் உள்ளே இருக்கான்ல?"

போகா உட்கார்ந்துவிட்டான். மூச்சு வந்தது, பாட்டு தொடர்ந்தது. பதினொரு முறை நின்றது, பதினொரு முறையும் குச்சி தட்டியது. பன்னிரண்டாவது முறை செகோபேக்குக் கையைத் தூக்கவும் தெம்பில்லை. எல்லோரும் போகாவைப் பார்த்தார்கள். அவனும் அதே சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் இருமியவன்.

போகா தன் குச்சியை எடுத்துத் தரையில் மூன்று தட்டுத் தட்டினான்.

"சீக்கிரம் மேல வா, கிழவா. இல்லேன்னா பிடுங்கிடுவேன்."

"பிடுங்கித்தான்... பாரேன்" என்று செகோபே அடுத்த வரியை எடுத்தார்.