ஏழாவது கோடு

கதிரேசன் சார் இறந்த செய்தி, வியாழக்கிழமை காலை நான் செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது வந்தது. அனந்தபுரத்திலிருந்து அவருடைய தங்கை பேசினார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது என்றார். பிறகு அழுகையை அடக்கிக்கொண்டு ஒன்று கேட்டார்: "காலேஜ்ல கரன்ட் இருக்குதா மேடம்? வண்டில ஏத்தக்குள்ளகூட அண்ணன் அதத்தான் கேட்டுச்சு."

ஏன் கேட்டார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நம் கல்லூரியில் அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். எழுதாமல் உட்காரவும் முடியவில்லை.

நுண்ணுயிரியல் துறையில் நாங்கள் இருவரும் மூன்று வருடமாக ஒரு பாக்டீரியாவின் நொதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அதன் துணையலகு ஒன்று, நீண்ட புரத இழை, செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் உள்ளும் வெளியுமாகப் போய்வந்து பதிந்திருக்கிறது. எத்தனை தடவை கடக்கிறது என்பதுதான் கேள்வி. ஆறு என்றேன் நான். ஏழு இருக்கலாம் என்றார் அவர். இழையின் தலை உள்பக்கம் என்பது முன்பே தெரியும். வாலும் உள்ளே என்றால் ஆறு, வெளியே என்றால் ஏழு. களத்தில் மூட்டை தைத்து வளர்ந்தவருக்கு இதைச் சொல்ல ஒரு வழி இருந்தது. "கோணி தைக்கிறப்ப நூலு எத்தினி வாட்டி போச்சுன்னு எண்ணிக்கினு இருக்க வேணாம் மேடம். நுனி எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாருங்க, போதும்."

நுனியைப் பார்க்க, சவ்வுக்கு வெளியே இருந்தால் மட்டும் வேலை செய்யும் வேறொரு நொதியை அதில் ஒட்டி, சாயம் கலந்த தட்டில் பாக்டீரியாவை வளர்ப்போம். வெளியே என்றால் நீலம், உள்ளே என்றால் வெள்ளை. பொங்கல் விடுமுறை முடிந்து பார்த்தபோது தட்டு வெளிர்நீலமாக இருந்தது. கரன்ட் போய் இன்குபேட்டர் நின்றிருக்கும், பழைய தட்டு எதுவும் நீலம் காட்டும் என்று சொல்லித் தூக்கிப் போட்டுவிட்டேன். கடக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றாக ஆறு கோடு போட்டுப் படம் வரைந்து கட்டுரையையும் முடித்தேன். மறுபடி செய்து பார்க்கலாம் என்று அவர் சொன்னபோது, எல்லோர் முன்னாலும் கத்தினேன். உங்கள் பிடிவாதத்துக்கு என் கட்டுரை காத்திருக்காது என்றேன். அதன்பின் இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

தட்டுகளுக்கு அவர் தன் பஸ் போகிற ஊர்களின் பெயரைத்தான் எழுதுவார். எந்த ஊரில் எது என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும். பெயர் தெரிந்தால் கண் கட்சி சேர்ந்துவிடுமாம். புதன்கிழமை காலை தட்டுகளை வைத்துவிட்டு, மாலை என் மேசைமேல் ஒரு கவரை வைத்தார். "மொதல்ல கலர எழுதுங்க மேடம். அப்பால பிரிங்க" என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வியாழனன்று எல்லோரும் அனந்தபுரத்துக்கு வேன் ஏறினார்கள். நான் ஆய்வகத்துக்குப் போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போனேன். இன்குபேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பனமலை வெள்ளை. மண்டகப்பட்டு நீலம். செஞ்சி வெள்ளை. திண்டிவனம் வெள்ளை. அனந்தபுரம் நீலம். என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுக் கவரைப் பிரித்தேன். வாலின் தட்டு மண்டகப்பட்டு. உள்ளே என்று முன்பே தெரிந்த மூன்றும் வெள்ளையாகவும், வெளியே என்று தெரிந்த அனந்தபுரம் நீலமாகவும் இருந்தன. இந்த முறை தட்டு பழசு என்று சொல்ல வழியில்லை.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தங்கையின் கையைப் பிடித்து, கரன்ட் போகவில்லை என்றேன்.

படத்தில் ஏழாவது கோட்டை வரைந்துவிட்டேன். இப்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறபோதெல்லாம், பெயரை மறைத்துவிட்டு இன்னொரு முறை பார்க்கிறேன். கவரும் பத்திரமாக இருக்கிறது. அதோடு, புதன்கிழமை நிமிர்ந்துகூடப் பார்க்காத நான், அவர் இருந்திருந்தால் மறுநாள் அவரிடமே சொல்லியிருக்கக்கூடிய இரண்டு வார்த்தைகளும் என்னிடம் இருக்கின்றன: நீங்கள்தான் சரி.